தம்பிக்கு: அவள் அங்கிளைப் பார்க்கவில்லை

அன்புள்ள தம்பி,

நேற்று போனில் "என் பொண்ணு எதுக்கும் அழ மாட்டாக்கா, அவ்வளவு சமர்த்து" என்று பெருமையாகச் சொன்னாயே, அதிலிருந்து மனசு கேட்கவில்லை.

அவள் பிறந்தநாளன்று உன் நண்பர் கொடுத்த பொட்டலத்தைப் பிரித்தபோது நான் பக்கத்திலேயே இருந்தேன். உள்ளே ஒரு கிலுகிலுப்பை. ஏழு வயதுப் பிள்ளைக்கு! கீழுதடு லேசாகத் துடித்தது, சட்டென்று உன்னைப் பார்த்தாள், அப்புறம் பல்லெல்லாம் தெரியச் சிரித்து "தேங்க்ஸ் அங்கிள்" என்றாள். கட்டைவிரலை உள்ளே மடக்கிக் கையை இறுக்கி மூடியிருந்தாள்.

இதையே ஆராய்ச்சியாகச் செய்து பார்த்திருக்கிறார்கள். கரோலின் சார்னி என்ற உளவியலாளர் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளிப் பிள்ளைகளுக்கு முதலில் நல்ல பரிசு, அடுத்த முறை கைக்குழந்தைக்கான பொம்மை. சின்னப் பையன்கள் முகத்தைத் தொங்கப்போட்டார்கள். வயதில் பெரிய பிள்ளைகள், அதிலும் பெண்பிள்ளைகள், சமாளித்துச் சிரித்தார்கள். பமேலா கோல் என்ற இன்னொரு உளவியலாளர் 1986-இல் வெளியிட்ட ஆய்வுதான் என்னை உலுக்கியது: மூன்று, நான்கு வயதுப் பெண்குழந்தைகளே பெரியவர் எதிரில் இருந்தால் சிரிக்கிறார்கள், தனியே விட்டால் அந்தச் சிரிப்பு குறைந்துவிடுகிறது.

அந்த வயதில் யார் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள்? நம் முகத்தைப் பார்த்தே படித்துக்கொள்கிறார்கள். நீயும் அப்படித்தான் படித்தாய். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவாய், எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு.

மறைக்கவே கூடாது என்று சொல்லவில்லை. கொடுத்தவர் மனம் நோகுமே என்று ஒரு பிள்ளைக்குத் தோன்றுவது சாதாரண விஷயமா, அடுத்தவர் மனதில் என்ன ஓடுகிறது என்று ஊகிக்கத் தெரிந்தால்தானே அது வரும்? ஆனால் அன்று அவள் சிரிப்பதற்கு முன் பார்த்தது அவரை இல்லை, உன்னை. அதுதான் உறுத்துகிறது.

எல்லோரும் போன பிறகு என் மடியில் வந்து உட்கார்ந்து, "அத்தை, அது பாப்பா விளையாடுறதுதானே?" என்றாள். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் நன்றாக அழுதாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அப்பாகிட்ட சொல்லாதீங்க" என்றாள்.

சொல்லிவிட்டேன். தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளாதே.

அக்கா