ஊராட்சிக்கு ஒரு வண்டி வேண்டாம், பதினைந்து ஊராட்சிக்கு ஒரு மெக்கானிக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஊரக வளர்ச்சி, ஊராட்சித் துறை உயர் அலுவலர்களுக்கு,

வணக்கம்.

ஊராட்சி அலுவலகங்களின் பின்சுவரோரம் நிற்கும், குப்பை வாங்கும் பேட்டரி வண்டிகளைப் பற்றி எழுதுகிறோம். டயரில் காற்றிறங்கி ஒரு பக்கம் சாய்ந்தவை, தார்ப்பாய் போட்டு மூடியவை, பச்சைத் தொட்டியும் நீலத் தொட்டியும் வெயிலில் ஒரே நிறமாக வெளுத்துப் போனவை. ஆய்வுக்கு வருகிற அலுவலர்கள் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். ஆகவே பின்னணியை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வண்டி எதனால் நின்றது என்பதை மட்டும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால், நின்றுபோன வண்டிக்குத் தீர்வு இன்னொரு புது வண்டி என்றே இன்னமும் நினைக்கப்படுகிறது.

இந்த வண்டிகளில் பலவற்றில் 12 வோல்ட் பேட்டரிகள் நான்கைத் தொடராக இணைத்து 48 வோல்ட் எடுக்கிறார்கள். ஈய அமில பேட்டரி. தெருத் தெருவாக நின்று நின்று போகும் வேலை என்பதால் மதியத்துக்குள் சார்ஜ் பெரும்பாலும் தீர்ந்துவிடும். மறுபடி நிறைய எட்டு முதல் பத்து மணி நேரம் பிடிக்கும். தூய்மைக் காவலர் மதியம் வண்டியை நிறுத்தி, பிளக்கைச் செருகிவிட்டு வீட்டுக்குப் போகிறார். மாலையில் மின்னழுத்தம் இறங்கினாலோ, சார்ஜர் பாதியில் நின்றாலோ பார்க்க ஆளில்லை. பாதி சார்ஜில் ஓடி ஓடி, நான்கில் ஒன்று முதலில் சோர்ந்து போகும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர் அளவு பார்க்க வேண்டும். வாங்கி வைத்தது தீர்ந்ததும் போர் தண்ணீரை ஊற்றிவிடுகிறார்கள். அதிலுள்ள உப்பு தகட்டைக் கெடுக்கிறது. யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. இப்படிச் செய்யக் கூடாது என்று சொல்லித் தர ஒருவர்கூட அந்த ஊருக்கு வந்ததில்லை.

ஒன்று போனால் ஒன்றை மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. மூன்று பழையதோடு ஒரு புதியதைச் சேர்த்தால், பழையவை புதியதையும் சீக்கிரமே தங்கள் நிலைக்கு இழுத்துவிடும். நான்கையும் மாற்ற வேண்டும். அதற்குத் தீர்மானம், மூன்று விலைப்புள்ளி, ஊராட்சி ஒன்றியத்தில் அனுமதி. இரண்டு மாதம் போய்விடும். அந்த இரண்டு மாதமும் சார்ஜ் இல்லாமல் நிற்கும் மற்ற மூன்றிலும் தகட்டில் சல்பேட் படிந்து அவையும் வீணாகின்றன. பழுதானது ஒரு பேட்டரி, செத்தது ஒரு வண்டி. விற்ற நிறுவனத்துக்குப் போன் செய்தால், ஒற்றை வண்டிக்காக அவ்வளவு தூரம் ஆள் அனுப்பக் கட்டாது என்கிறார்கள். அவர்கள் கணக்கில் அது சரிதான்.

இதன் பாரம் யார் மேல் விழுகிறது? சுமார் 150 வீட்டுக்கு ஒருவர் என்ற கணக்கில் அமர்த்தப்பட்ட தூய்மைக் காவலர் மேல். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வண்டி நின்ற மறுநாளிலிருந்து தள்ளுவண்டிதான். மேட்டுத் தெருவில் ஈரக் குப்பையோடு தள்ளுகிறவரிடம், உங்கள் ஊருக்கு நவீன வண்டி வழங்கப்பட்டுவிட்டது என்று எந்த முகத்தோடு சொல்வது?

பதினைந்து ஊராட்சிகளுக்குச் சேர்த்து ஒரு மெக்கானிக் இருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி போகும். அவர் கையில் அமிலத்தின் அடர்த்தி பார்க்க ஒரு ஹைட்ரோமீட்டர், ஒரு மல்டிமீட்டர். மாற்றுக்கு இரண்டு செட் பேட்டரி. பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒவ்வோர் ஊருக்கும் ஒரு நடை. நிறைந்த பேட்டரியில் அமிலத்தின் ஒப்படர்த்தி 1.26-இலிருந்து 1.28 வரை காட்ட வேண்டும். பேட்டரிக்குள் ஓர் அறையில் (செல்) மட்டும் குறைந்தால் அன்றைக்கே செட்டைக் கழற்றி மாற்று செட்டைப் பொருத்திவிட்டு, சோர்ந்ததைக் கொண்டுபோய் மெதுவாக ஏற்றிச் சரிசெய்யலாம். குப்பை வாங்குவது ஒரு நாள்கூட நிற்காது. அவர் சம்பளத்தைப் பதினைந்தாகப் பிரித்தால் ஓர் ஊராட்சிக்கு விழும் பங்கு, ஒரு மாதத்தில் இரண்டு மூன்று நாள் டிராக்டர் வாடகைக்குக் கொடுப்பதைவிட அதிகமிராது. இதைத்தான் கேட்கிறோம்: சேர்ந்து செய்கிற வேலைக்கென்று ஒரு மானியம். அதில் ஓட்டுகிற செலவும் இருக்க வேண்டும்.

செப்டிக் டேங்க் லாரிக்கும் இதே கணக்குத்தான். 500 வீட்டு ஊராட்சியில் எல்லா வீட்டிலும் தொட்டி இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எடுத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 167 நடை. 5,000 லிட்டர் லாரி ஒன்று நாளுக்கு நான்கு நடை அடிக்கும், ஆண்டில் 280 நாள் ஓடும் என்றால் 1,120 நடை. ஆக, ஒரு லாரிக்கு ஆறு ஏழு ஊராட்சி வேண்டும். ஒரே ஊராட்சி வாங்கினால் ஐந்து நாள் நின்று ஒரு நாள் ஓடும். இன்ஷூரன்ஸ், எஃப்.சி., ஓட்டுநர் சம்பளம் எல்லாம் ஆறு நாளைக்கும் உண்டு. அதனால் எந்த ஊராட்சியும் வாங்குவதில்லை, தனியார் லாரிதான் வருகிறது. கொட்டுகிற இடம் தொலைவில் இருந்தால் டீசலை மிச்சப்படுத்த ஓடையிலோ ஏரிக்கரையிலோ திறந்துவிட்டுப் போகிறது. அதற்குப் பிறகு அந்தக் கழிவு குடிநீர்க் கிணற்றுக்கு வந்து சேர்கிறது.

சேர்ந்து செய்வது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியில் 2017 முதல் இயங்கும் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் பக்கத்து மதுராந்தகத்துக்கும் சேர்த்தே அமைந்தது. ஒகேனக்கல் தொடங்கி எத்தனை கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் பல நூறு குடியிருப்புகளுக்கு ஒரே ஆற்றிலிருந்து தண்ணீர் கொண்டு போகின்றன. அவற்றில் குறை இல்லாமல் இல்லை, கடைமடை ஊர்க்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆனாலும் அந்தத் திட்டங்களுக்கு ஓர் அடிப்படை இருக்கிறது. ஒரே அமைப்பு பொறுப்பு, அளந்து கொடுப்பது, அளவுக்குக் காசு. அந்த அடிப்படையைக் குப்பைக்கும் கசடுக்கும் கொண்டுவரத்தான் வழி இல்லாமல் இருக்கிறது.

வழி எங்கே அடைபடுகிறது என்பது துறைக்குத் தெரியும், ஆனாலும் எழுதி வைக்கிறோம். மூன்று ஊராட்சிகள் சேர்ந்து ஒரு லாரி வாங்க நினைத்தால் மூன்று கிராம சபையில் மூன்று தீர்மானம். வளர்ச்சித் திட்டத்தில் மூன்றும் தனித்தனிப் பணியாக ஏற்ற வேண்டும். ஊராட்சிகள் பணம் விடுவிக்கும் இணையதளமான ஈ-கிராம்ஸ்வராஜில் ஒவ்வொன்றும் தன் கணக்கிலிருந்து தன் பணிக்கு மட்டுமே பணம் விடுவிக்க முடியும். லாரியின் ஆர்.சி. ஒரு பெயரில்தான் இருக்கும். மற்ற இரண்டு ஊராட்சியிலும் செலவு இருக்கிறது, சொத்துப் பதிவேட்டில் சொத்து இல்லை. தணிக்கைக்கு வருகிறவர் கேட்பார், கேட்பது அவர் கடமை. தணிக்கைத் தடை விழுந்தால் பதில் சொல்ல வேண்டியவர் செயலர். ஓய்வு பெறும் நாளில் அந்தத் தடை அவர் பணப்பலனுக்குக் குறுக்கே வந்து நிற்கும். அப்படியிருக்கக் கையெழுத்துப் போட யார் முன்வருவார்?

பணமே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. 15-ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை நாட்டின் ஊரக உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கியது 2,36,805 கோடி ரூபாய். அதில் 30 சதவீதம் சுகாதாரத்துக்கு, 30 சதவீதம் குடிநீருக்கு என்று கட்டியே கொடுத்தார்கள். கட்டில்லாத மீதி 40 சதவீதத்தில் சம்பளமும் நிர்வாகச் செலவும் செய்யக் கூடாது என்றார்கள். தூய்மை பாரத இயக்கத்தின் இரண்டாம் கட்டத்தில் ஒன்றியத்துக்கு ஒரு பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை அலகுக்கு 16 லட்சம் ரூபாய் வரை என்று வைத்தார்கள். அந்த அலகு பகிர்ந்து பயன்படுத்தத்தான். இயந்திரம் வந்துவிடுகிறது. பத்துப் பன்னிரண்டு ஊரிலிருந்து பிளாஸ்டிக்கை அங்கே கொண்டுபோகும் நடைக்கூலி யாருடையது என்பதற்கு மட்டும் விடையில்லை. கட்டாத பிளாஸ்டிக் முக்கால்வாசி காற்று. ஒரு லோடு ஆட்டோவில் நிறைய ஏற்றினாலும் எடைமேடையில் நூறு கிலோ தேறுவது அபூர்வம். அமுக்கிக் கட்டினால் அதே இடத்தில் ஐந்து மடங்கு ஏறும். ஆகவே வாங்கிய இடத்திலேயே கட்ட ஒரு சிறு கைப்பிரஸ் வேண்டும், வாரம் ஒரு நாள் எல்லா ஊரையும் சுற்றும் ஒரு வண்டி வேண்டும். சாலைக்குத் தாரோடு கலக்கும் தூளுக்கும் சிமென்ட் ஆலைக்கும் போக வேண்டிய பிளாஸ்டிக், இந்த இரண்டும் இல்லாததால் ஊர்க்கோடியில் எரிகிறது.

செலவைக் குறைக்க வேண்டுமென்றால் ஊராட்சிகளை நகரத்தோடு இணைத்துவிடலாம் என்றொரு பேச்சு எப்போதும் இருக்கிறது. இணைப்பில் செலவு குறைகிறதோ இல்லையோ, கிராம சபை போகிறது, ஊரக வேலைத் திட்டம் போகிறது, வரி ஏறுகிறது. ஒரு லாரியைப் பகிர்ந்துகொள்வதற்கு ஓர் ஊர் தன் மன்றத்தையே விட்டுக்கொடுக்க வேண்டுமா? இதைத் தனியே பேச வேண்டும். இப்போது நாங்கள் கேட்பது பகிர்வு மட்டுமே. பணிவோடு கேட்கிறோம்.

மானியம் எப்படி இருந்தால் ஓடும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். முதலில் திட்டமிடச் சிறு தொகை. எத்தனை வீடு, எத்தனை தொட்டி, எவை உறிஞ்சு குழி, எந்தத் தெருவில் லாரி நுழையும், எந்த ஊருக்கு எந்த நிலையம் பக்கம் என்று நடந்து பார்த்து எழுதுவதற்கு. இந்தக் கணக்கு இல்லாமல் வாங்கிய வண்டிதான் இன்று சுவரோரம் நிற்கிறது. அடுத்து, வாங்குகிற தொகையோடு மூன்று ஆண்டுக்கு ஓட்டுகிற செலவு. முதலாண்டு முழுதாக, பிறகு படிப்படியாகக் குறைத்து, நான்காம் ஆண்டில் வசூலில் நிற்கும்படி. பொறுப்பு ஊராட்சி என்று ஒன்றைக் குறித்து, அதன் பெயரில் சொத்து, எல்லோருக்குமான கூட்டுக் கணக்கு. மற்ற ஊராட்சிகளின் பதிவேட்டில் அவரவர் பங்கைப் 'பங்குச் சொத்து' என்று எழுதலாம் என ஓர் அரசாணை. தணிக்கைத் துறையின் ஒப்புதலோடு வர வேண்டும், இல்லையென்றால் அது காகிதம்.

பங்கு பிரிப்பதில்தான் கூட்டு உடையும். மக்கள்தொகைப்படி பிரித்தால், குறைவாகப் பயன்படுத்தும் ஊர் ஆறு மாதத்தில் விலகிவிடும். நடைப்படி மட்டும் பிரித்தால், நடை குறைந்த மாதத்தில் ஓட்டுநருக்குச் சம்பளம் இருக்காது. இன்ஷூரன்ஸ், சம்பளம் போன்ற நிலைச் செலவை வீட்டு எண்ணிக்கைப்படியும், டீசலையும் தேய்மானத்தையும் நடைப்படியும் பிரிக்க வேண்டும். லாக் புத்தகத்தில் நடைக்கு நடை அந்தந்த ஊர்க் கையெழுத்து. மாதக் கடைசியில் அதன் நகல் எல்லா ஊராட்சிக்கும். வண்டி நிற்கிற ஊருக்கே முதல் நடை என்ற சண்டை கட்டாயம் வரும், முன்பதிவு வரிசைப் பதிவேடு ஒன்று அதைத் தீர்க்கும். பாக்கி வைக்கிற ஊராட்சியைத் துரத்திக்கொண்டு இன்னோர் ஊராட்சி அலைய முடியாது. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு வருகிறதே, அந்த மாநில நிதிக்குழு மானியத்திலிருந்தே பங்குத் தொகையைப் பிடித்துக் கூட்டுக் கணக்கில் வரவு வையுங்கள். விலக விரும்பினால் இரண்டு ஆண்டுக்குப் பிறகு, ஆறு மாத முன்னறிவிப்போடு.

ஒன்றிய எல்லையைக் கூட்டுக்கு எல்லையாக வைக்க வேண்டாம். ஒன்றியத்தின் ஓரத்து ஊருக்கு அடுத்த ஒன்றியத்தின் அலகு ஐந்து கிலோமீட்டரில் இருக்கும், சொந்த அலகு முப்பதில் இருக்கும். பக்கத்துப் பேரூராட்சியையும் சேர்க்க இடம் கொடுங்கள். அது நகராட்சி நிர்வாகத் துறையின் கீழ் வருகிறது என்பதால் இரு துறையும் சேர்ந்து ஆணையிட வேண்டியிருக்கும். ஒரே சாலையில் இருக்கும் இரண்டு ஊர் சென்னையில் இரண்டு துறையாக இருப்பதற்கு அந்த ஊர்க்காரர்கள் என்ன செய்வார்கள்?

மிச்சமாகிற பணத்தை ஊராட்சிகளே வைத்துக்கொள்ளட்டும். நியூயார்க் மாநிலம் 2017-இல் கொண்டுவந்த ஏற்பாட்டில், உள்ளாட்சிகள் சேவையைப் பகிர்ந்து முதலாண்டில் உண்மையாகவே மிச்சப்படுத்திய தொகைக்கு ஈடாக மாநில அரசும் பணம் கொடுத்தது. நமக்கு அவ்வளவு வேண்டாம். மிச்சம் பிடித்த ஊராட்சிக்கு அடுத்த ஆண்டு ஒதுக்கீடு குறையாது என்ற உறுதி போதும்.

மறுபடியும் சொல்கிறோம்: சேர்ந்து செய்கிற வேலைக்கென்று ஒரு மானியம், அதில் ஓட்டுகிற செலவும் சேர்ந்து. மாநிலம் முழுக்க ஒரே நாளில் கேட்கவில்லை. மாவட்டத்துக்கு ஒரு கூட்டு, பதினைந்து ஊராட்சி, ஒரு மெக்கானிக், இரண்டு செட் பேட்டரி, இரண்டு லாரி என்று தொடங்கினால் போதும்.

ஊராட்சி வளர்ச்சித் திட்டம் தயாரிக்கும் வேலை ஆண்டுதோறும் அக்டோபர் 2 கிராம சபையிலிருந்து தொடங்குகிறது. அரசாணை அதற்கு முன் வந்தால், கூட்டில் சேரும் தீர்மானத்தை அன்றைக்கே சபையில் வைத்து அடுத்த நிதியாண்டுத் திட்டத்தில் ஏற்றிவிடலாம். பின்னால் வந்தால் இன்னும் ஓராண்டு தள்ளிப்போகும், சுவரோரம் நிற்கும் வண்டிகளில் மாற்றக்கூடிய பாகமும் மிஞ்சாது. ஆகவே செப்டம்பருக்குள் வெளியிட ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஊராட்சிகளின் அன்றாட வேலையில் இருப்பவர்கள்