தீராத உடல் வாடையோடு வாழ்பவர்களின் மனச்சோர்வுக்குத் துணை நிற்க: குன்னூரிலிருந்து நன்கொடை வேண்டுகோள்

வணக்கம்.

எத்தனை முறை குளித்தாலும், எத்தனை சட்டை மாற்றினாலும் போகாத உடல் வாடை சிலருக்கு இருக்கிறது. அப்படிப்பட்டவர்களும் அவர்கள் வீட்டு ஆட்களும் சேர்ந்து நீலகிரியில் ஒரு சிறு குழுவாகக் கூடி வருகிறோம். இதுவரை உறுப்பினர்களின் வீடுகளில் கூடினோம். இனி குன்னூரில் எங்களுக்கென்று ஓர் அறை வேண்டும். மாதம் இரண்டு முறை மனநல ஆலோசகர் ஒருவர் அங்கே வந்து உட்கார வேண்டும். தூரத்திலிருந்து வருகிறவர்களுக்குப் பஸ் செலவு கொடுக்க வேண்டும். அதற்காகத்தான் உங்களிடம் கேட்கிறோம். கணக்கைக் கீழே சொல்லியிருக்கிறோம். அதற்கு முன் இது எப்படிப்பட்ட கஷ்டம் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். விவரம் தெரியாத காரியத்துக்கு யாரும் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

“குளிக்கிறாயா?” எங்கள் ஆட்களிடம் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி இதுதான். குளிக்கிறார்கள். டிசம்பர் குளிரில் தண்ணீர் கையை விறைக்கவைக்கும்போதுகூட ஒரே நாளில் இரண்டு முறை, மூன்று முறை குளிக்கிறவர்கள் எங்களில் உண்டு. தோலில் ஒட்டிய அழுக்குதான் காரணம் என்றால் அது எப்போதோ போயிருக்கும்.

டிரைமெத்தில்அமினூரியா என்று ஒரு பிறவிக் கோளாறு இருக்கிறது. முட்டை, ஈரல், சோயா, பட்டாணி, நிலக்கடலை போன்றவற்றில் கோலின் என்ற சத்து உண்டு. குடலில் உள்ள நுண்ணுயிரிகள் அதை உடைக்கும்போது டிரைமெத்தில்அமின் உண்டாகிறது. அழுகிய மீனில் நாம் முகர்வது இதைத்தான். இது எல்லோர் உடம்பிலும் உண்டாகிற பொருள். கல்லீரலில் இருக்கும் எஃப்.எம்.ஓ.3 என்ற நொதி அதை வாடையில்லாத வேறொரு பொருளாக மாற்றிவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. அந்த நொதிக்கான மரபணு அப்பா, அம்மா இரண்டு பேரிடமிருந்தும் பழுதாக வந்துவிட்டால் இந்த மாற்றம் சரியாக நடக்காது. வியர்வை, மூச்சு, சிறுநீர் என்று எல்லா வழியிலும் வாடை வெளியேறும். இந்த மரபணுப் பழுதுதான் காரணம் என்பது 1997-ல் தெரியவந்தது. காய்ச்சல் வந்தால், மாதவிலக்கு நெருங்கினால், மனம் பதறினால் வாடை கூடும். இதில் பெரிய கொடுமை, பாதிக்கப்பட்டவர்களில் பலருக்குத் தன் வாடை தெரியாது. அடுத்தவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

எல்லோருக்கும் இதே நோய் என்று சொல்லவில்லை. அக்குள் வியர்வையை பாக்டீரியாக்கள் சிதைப்பதால் வரும் கடும் வாடை உண்டு. சைனஸ், ஈறு, தொண்டைச் சதை ஆகியவற்றில் உள்ள தொல்லையால் வருவது உண்டு. சிறுநீரகமோ கல்லீரலோ கெட்டு வருவதும் உண்டு. இவற்றில் பலவற்றுக்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. ஆனால் வெட்கத்தால் டாக்டரிடமே போகாமல் வருடக்கணக்கில் கிடக்கிறார்கள்.

இன்னொரு சாராரும் எங்களோடு இருக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவர்களுக்கு எந்த வாடையும் தெரியாது, அவர்களுக்கு மட்டும் தன்மேல் வாடை வீசுகிறது என்ற எண்ணம் விடாமல் அரித்துக்கொண்டே இருக்கும். 2022-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இதுவும் தனி நோயாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. மனநல மருத்துவரிடம் இதற்குச் சிகிச்சை உண்டு. அவர்கள் படும் வேதனையில் பொய் எதுவும் இல்லை. உனக்கு நிஜம், உனக்குக் கற்பனை என்று எங்கள் கூட்டத்தில் ஆளைப் பிரிப்பதில்லை. எல்லோரும் ஒரே பாயில்தான் உட்காருகிறோம்.

நம் ஊர் பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். ஸ்வெட்டரும் மப்ளருமாக நெருக்கியடித்து, ஜன்னல்களை எல்லாம் அடைத்துக்கொண்டுதான் போவோம். “யாரோ கருவாடு ஏத்திட்டு வந்திருக்காங்க போல” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும். ஒருவர் குளிரையும் பார்க்காமல் ஜன்னலைத் தள்ளித் திறப்பார். இப்படி ஒரு தடவை நடந்துவிட்டால் போதும், அதற்குப் பிறகு எல்லாப் பயணமும் நரகம்தான். மார்கழியில் இந்த மலையில் மூக்கு ஒழுகாதவர் யார்? ஆனாலும் பக்கத்து சீட்டுக்காரர் கைக்குட்டையை எடுத்தால் எங்கள் ஆளுக்கு நெஞ்சு அடைத்துவிடும். அவருக்குச் சளியா, இல்லை என் வாடையா என்று கண்டுபிடிக்க வழியே கிடையாது. பதற்றத்தில் வியர்க்கும், வியர்த்தால் வாடை கூடும் என்ற பயம், அந்தப் பயத்தில் இன்னும் வியர்க்கும்.

கொழுந்து பறிக்கும் பெண் ஒருவரைப் பற்றி, அவர் சம்மதத்தோடு சொல்கிறோம். தோட்டத்தில் எப்போதும் கடைசி வரிசையைக் கேட்டு வாங்கிக்கொள்வார். மதியம் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும்போது இவர் மட்டும் செடிகளுக்கு நடுவிலேயே நின்று தூக்குவாளியைத் திறப்பார். இலை எடை போட வரும்போதும் கூட்டம் கலைந்த பிறகுதான் வருவார். “ரொம்பத் திமிர்” என்று பேசிக்கொண்டார்கள். சொந்த அண்ணன் மகள் கல்யாணத்துக்குக்கூட அவர் போகவில்லை. அப்புறம் வேலைக்குப் போவதையும் நிறுத்தினார். பகலெல்லாம் போர்த்திக்கொண்டு படுத்துக் கிடந்தார், தலை வாரவில்லை, பசிக்கவில்லை. வீட்டில் சோம்பேறி என்றார்கள். அது மனச்சோர்வு என்ற நோய் என்று கடைசியில் ஒரு கிராம சுகாதார செவிலியர்தான் கண்டுபிடித்துச் சொன்னார். இன்று அவர் எங்கள் குழுவின் பொறுப்பாளர்களில் ஒருவர். வாடை முழுதாகப் போய்விடவில்லை. மருந்தும் ஆலோசனையும் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறார், கல்யாண வீடுகளுக்கும் போகிறார்.

நாங்கள் சொல்ல வருவது இதுதான். வாடை போகட்டும், அப்புறம் வேலை, அப்புறம் கல்யாணம், அப்புறம் வாழ்க்கை என்று எங்கள் ஆட்கள் எல்லாவற்றையும் தள்ளிப்போடுகிறார்கள். டிரைமெத்தில்அமினூரியாவை அடியோடு தீர்க்கும் மருந்து இன்றுவரை இல்லை. உணவைப் பார்த்துச் சாப்பிடுவது, லேசான அமிலத்தன்மையுள்ள (பி.எச். 5.5 முதல் 6.5 வரை) சோப்பு, ரிபோஃப்ளேவின் (வைட்டமின் பி2) மாத்திரை, டாக்டர் சொன்னால் கொஞ்ச நாள் ஆன்டிபயாடிக் என்று அதைக் கட்டுக்குள் வைக்கத்தான் முடியும். மனச்சோர்வு அப்படியல்ல. அதற்கு மருந்தும் இருக்கிறது, பேச்சு சிகிச்சையும் இருக்கிறது. வாடை இருக்கும்போதே மனதை மீட்டுவிடலாம். அதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் ஆபத்து.

எங்கள் கூட்டத்தில் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. டீ போடுவோம், வர்க்கி இருக்கும், பேசுவோம். முதல் முறை வருகிறவர் வாசல் பக்கமாக, எல்லோரையும் விட்டுத் தள்ளித்தான் உட்காருவார். யாராவது ஒருவர் டம்ளரோடு போய் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வார். வேறொரு மனிதர் தோளோடு தோள் உரச உட்கார்ந்து வருடங்கள் ஆகிவிட்டன என்று அழுதவர்கள் இருக்கிறார்கள். கூட்டத்துக்கு இரண்டு கட்டுப்பாடு வைத்திருக்கிறோம். என்மேல் வாடை வருகிறதா என்று யாரும் யாரிடமும் கேட்கக் கூடாது. கேட்டு, “இல்லை” என்ற பதில் வாங்கினால் ஐந்து நிமிடம் நிம்மதி, பிறகு மறுபடி கேட்கத் தோன்றும், அதற்கு முடிவே இல்லை. இரண்டாவது, இங்கே பேசியது வெளியே போகக் கூடாது. சின்ன ஊர்கள், ஒரு ஹட்டியில் (படுகர் ஊரில்) சொன்னது அடுத்த ஹட்டிக்குப் பொழுது சாய்வதற்குள் போய்விடும். பெண் பார்க்கும் வீட்டிலோ, மாப்பிள்ளை வீட்டிலோ விஷயம் தெரிந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

எங்களில் சிலருக்குத் துணையாளர் பயிற்சி கொடுக்கப்போகிறோம். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, பேச்சு எல்லாம் மாறிப்போனவரை அடையாளம் காணவும், சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று தயங்காமல் கேட்கவும் பழக வேண்டும். அப்படி நேராகக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேட்டால்தான் அவர் மனம் திறப்பார். கேட்டபின் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு வரை கூடவே போகவும் ஆள் வேண்டும். டாக்டரின் வேலையை நாங்கள் செய்யப்போவதில்லை, அவர் அறை வாசல் வரை கைபிடித்துக் கூட்டிப்போவதே எங்கள் வேலை.

உணவு விஷயத்திலும் வழிகாட்ட ஆள் தேவை. நம் மலையில் விளையும் பட்டாணி, பீன்ஸ் வகைகள், முட்டைக்கோஸ், காலிஃபிளவர், புரோக்கோலி எல்லாமே டிரைமெத்தில்அமினூரியா உள்ளவர்கள் குறைத்துக்கொள்ள வேண்டிய பட்டியலில் இருக்கின்றன. நல்லவேளை, கேரட்டும் உருளைக்கிழங்கும் இல்லை. எதையோ கேள்விப்பட்டு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு எலும்பும் தோலுமாகிப்போனவர்களைப் பார்த்திருக்கிறோம். கோலின் உடம்புக்கு அவசியமான சத்து. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் டாக்டரைக் கேட்காமல் அதைக் குறைக்கவே கூடாது. பள்ளிப் பிள்ளைகள் விஷயத்தில் ஆசிரியர்கள் மனது வைத்தால் போதும். சத்துணவில் முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் தரும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது, காரணம் கேட்காமல் பழத்தைக் கொடுத்துவிடலாம்.

சரி, பணத்துக்கு வருவோம். குன்னூர் பஸ் நிலையத்திலிருந்து நடந்து வரும் தூரத்தில் அறைக்கு மாதம் 6,500 ரூபாய், வருடத்துக்கு 78,000. அட்வான்ஸ் 40,000. மனநல ஆலோசகருக்கு ஒரு முறைக்கு 3,000 வீதம் வருடத்துக்கு 72,000. துணையாளர் பயிற்சிக்கு 30,000. பஸ் செலவுக்கு 45,000 ஒதுக்கியிருக்கிறோம். சேரம்பாடியிலிருந்தோ பந்தலூரிலிருந்தோ ஒருவர் குன்னூர் வந்து திரும்பினால் அன்றைய கூலி போய்விடும், பஸ் கட்டணத்தையாவது நாங்கள் கொடுக்க வேண்டும். சோதனைகளுக்கு 60,000. டிரைமெத்தில்அமினூரியாவை உறுதி செய்யச் சிறுநீரைப் பதப்படுத்தி, உறைய வைத்து வெளியூருக்கு அனுப்ப வேண்டும், சாதாரண லேப்களில் இந்தச் சோதனை கிடையாது.

மீதி 55,000 ரூபாய் ஒரு கீசருக்கும், துணி உலர்த்தும் வசதியுள்ள வாஷிங் மெஷினுக்கும். இது எதற்கு என்று சிலர் கேட்டார்கள். கூடலூர், குந்தா பக்கம் ஜூனில் பிடிக்கும் மழை செப்டம்பர் வரை விடாது. குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழையும் மூட்டமும்தான். துவைத்த துணி நாலு நாளானாலும் ஈரமாகவே இருக்கும், பூஞ்சை வாடை அடிக்கும். அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயப்போட்டால் புகை வாடை. ஒரு நாளைக்கு மூன்று சட்டை மாற்ற வேண்டியவருக்கு இது எப்படிப்பட்ட சிறை என்று மலையில் வாழும் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வேலைக்கான நேர்காணலுக்குப் போகிறவர் இங்கே வந்து சுடுதண்ணீரில் குளித்து, நன்றாகக் காய்ந்த சட்டையை மாட்டிக்கொண்டு போனால் பாதித் தைரியம் வந்துவிடும். எங்கள் பட்டியலில் எதை வெட்டினாலும் இதை வெட்டமாட்டோம்.

மொத்தம் 3,80,000 ரூபாய். எங்களுக்குள் 70,000 சேர்த்துவிட்டோம். 3,10,000 தேவை. நூறு ரூபாயும் சந்தோஷம்தான். ஒருவர் ஒரு மாத வாடகையை ஏற்றுக்கொண்டால் பெரிய உதவி.

வங்கிக் கணக்கு மூன்று பொறுப்பாளர்கள் பேரில் கூட்டாக இருக்கிறது, இரண்டு பேர் கையெழுத்து இல்லாமல் பணம் எடுக்க முடியாது. விவரத்தை இந்த வேண்டுகோளை உங்களுக்குக் கொடுத்தவரிடமே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பொதுவில் போட்டால் எங்கள் ஆட்களின் பெயர் வெளியே தெரிந்துவிடும். ரசீது கட்டாயம் உண்டு, வரவு செலவு மூன்று மாதத்துக்கு ஒரு முறை நன்கொடை கொடுத்த எல்லோருக்கும் வரும். அதில் நன்கொடையாளர் பெயரை அச்சிடமாட்டோம், இவர் ஏன் கொடுத்தார், இவர் வீட்டில் யாருக்கு என்று கேள்வி கிளம்பும். நாங்கள் இன்னும் பதிவு செய்யவில்லை, ஆகவே 80ஜி வரிச்சலுகை கிடைக்காது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட உறவுகள் பணம் அனுப்ப வேண்டாம், அதை வாங்குவதற்கு வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி (எஃப்.சி.ஆர்.ஏ.) வேண்டிய அனுமதி எங்களிடம் இல்லை.

பணமாகத் தர முடியாதவர்கள் வேறு விதத்தில் உதவலாம். தனி வாசலும் இரண்டு ஜன்னலும் உள்ள தரைத்தள அறை வாடகைக்கு இருந்தால் சொல்லுங்கள். தோல் மருத்துவரோ உணவு ஆலோசகரோ இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். எஸ்டேட் மேற்பார்வையாளர்களே, ஆசிரியர்களே, கடைசி வரிசையிலும் கடைசி பெஞ்சிலும் ஒதுங்கி உட்காரும் ஒருவரைத் தெரிந்தால் அவரை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, இப்படி ஒரு குழு இருக்கிறது என்று சொல்லுங்கள்.

இதைப் படிக்கும் உங்களுக்கே இந்தத் தொல்லை இருந்து, வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால், எங்கள் அறை தயாராகும் வரை காத்திருக்காதீர்கள். மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழ்நாடு அரசின் சுகாதார உதவி எண் 104 இரண்டுக்கும் எந்த நேரத்திலும் கூப்பிடலாம். தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

இப்படிக்கு,
ஒருங்கிணைப்புக் குழுவினர்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.