நங்கூரமிடுமுன் தூரம் கணித்தல்: ஞாயிறு பயிற்சி

உறுப்பினர்களுக்கு வணக்கம். வரும் ஞாயிறு காலை 6.30 மணிக்கு, மேட்டூர் நீர்த்தேக்கத்தின் பண்ணவாடி பரிசல் துறையில் இப்பயிற்சி நடைபெறும்.

1. தண்ணீரின் மேல் பார்க்கையில் கரை கிட்டத்தில் இருப்பதுபோலவே தோன்றும் (போன மாதம் நானே ஏமாந்தேன்) என்பதால், கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்தி, ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, பிறகு கண்ணை மாற்றி மறு கண்ணால் பார்த்து, விரல் கரையில் நகர்ந்ததாகத் தெரியும் அகலத்தைப் பத்தால் பெருக்குங்கள். சுமார் 5 மீட்டர் நீள வேன் அளவுக்கு நகர்ந்தால் கரை 50 மீட்டர் தொலைவில் உள்ளது.

2. இருபது அடி ஆழத்தில் 100 அடிக் கயிறு விட்டால், காற்று திரும்பும்போது படகு நங்கூரத்தைச் சுற்றி ஏறக்குறைய அந்த அளவு ஆரத்தில் வட்டமடிக்கும். பக்கத்துப் படகின் வட்டத்தையும் சேர்த்தே இடைவெளி விடுங்கள்.

3. கயிற்றில் 10 அடிக்கு ஒரு முடிச்சிட்டு எடுத்து வாருங்கள்.

4. லைஃப் ஜாக்கெட் கட்டாயம்.

வருவோர் வெள்ளி மாலைக்குள் இங்கே பதில் இடவும்.