என் சொல்லுக்காகக் காத்திருந்தவர்களுக்கு

அன்புக்கும் மதிப்புக்கும் உரிய அனைவருக்கும் வணக்கம்.

ரஷ்யாவின் கசான் நகரில் ஓராண்டு மொழியும் ஆறாண்டு மருத்துவமும் படித்து, 2021-ல் பட்டம் பெற்று, வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் இந்தியாவில் எழுத வேண்டிய எஃப்.எம்.ஜி.இ. தேர்வை இரண்டாம் முறையில் கடந்து, உள்ளுறைப் பயிற்சியையும் (இன்டர்ன்ஷிப்) முடித்த நான், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்திலுள்ள வண்டிப்பெரியாருக்கு அருகில் ஒரு சிறிய மருத்துவமனையில் புறநோயாளிகளைப் பார்க்கத் தொடங்கி ஓராண்டு நிறைவடைந்திருக்கிறது. உதவியவர்களுக்குத் தனித்தனியே நன்றி சொல்லவே விரும்பினேன். ஆனால் அவர்களில் பலர் தமிழ் அறியாதவர்கள். சிலர் எஸ்டேட்டை விட்டுப் போய்விட்டார்கள். ஒருவர் இன்று உயிருடன் இருக்கிறாரா என்பதே எனக்குத் தெரியாது. அதனால் எல்லோருக்குமாக இந்த மடலைப் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில், தேயிலை எஸ்டேட்டுத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்துப் பெண்களுக்கு. நான் 2014-ல் புறப்பட்டபோது, பாடங்கள் அனைத்தும் ஆங்கிலத்தில் நடக்கும் என்று எங்களை அனுப்பிய முகவர் உறுதி கூறியிருந்தார். அங்கே சென்ற பிறகுதான், நாங்கள் கட்டிய கட்டணம் ரஷ்ய மொழிவழிப் பிரிவுக்கானது என்பதும், அதில் சேருமுன் ஓராண்டு மொழி படித்தாக வேண்டும் என்பதும் தெரிந்தது. அந்த ஓராண்டுக்கான பணம் எங்களிடம் இல்லை. திரும்பி வந்துவிடுகிறேன் என்று நான் தொலைபேசியில் அழுததை அம்மா கொழுந்துக் காட்டில் யாரிடமோ சொல்லியிருக்கிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கேரளப் பெண்களின் சுயஉதவித் திட்டமான குடும்பஸ்ரீயின் எங்கள் அயல்கூட்டத்தில் பெரியம்மாக்களும் அக்காக்களும் தங்கள் பெயரில் சிறு கடன்களாக எடுத்து அந்தத் தொகையைச் சேர்த்துக் கொடுத்தார்கள். மழைக்காலத்தில் அட்டைக் கடியோடு இலை பறித்துப் பெற்ற கூலியிலிருந்து வாரந்தோறும் அவர்கள் அதை அடைத்தார்கள். பணத்தை நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஈடாக என்னிடம் எதுவும் இல்லை.

தமிழ்வழிப் பள்ளியில் எட்டாம் வகுப்பில் எங்களுக்கு இலக்கணம் கற்பித்த டீச்சருக்கு, அவர் எதிர்பார்த்திராத ஒரு காரணத்துக்காக நன்றி கூற வேண்டும். ரஷ்ய மொழியில் ஆறு வேற்றுமைகள் உண்டு. பெயர்ச்சொல்லின் ஈறு ஒவ்வொன்றிலும் மாறும். ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று அவர் எங்களைச் சொல்லச் சொல்லிக் கேட்டது அப்போது சுமையாகத் தோன்றியது உண்மை. கசானில் மூன்றாம் வாரத்தில், 'ம்னே போல்னா' என்ற தொடரை ஆசிரியை பலகையில் எழுதியபோது, அது சொல்லுக்குச் சொல் 'எனக்கு வலிக்கிறது' என்பதேயாகும் என்று கண்டு திகைத்துப் போனேன். வலி நேர்ந்தவர் நான்காம் வேற்றுமையில் நிற்க, எழுவாயே இல்லாமல் அமையும் தொடர் அது. 'ம்னே ஹோலத்னா' என்றால் எனக்குக் குளிர்கிறது. ஆங்கிலத்தின் வழியாகவே ரஷ்ய மொழியை அடைய முயன்றுகொண்டிருந்த நான், அன்று முதல் தமிழிலிருந்து நேரே அதற்குள் நடந்து சென்றேன்.

அந்த ரஷ்ய ஆசிரியைக்கும் என் வணக்கம். ஆயத்த வகுப்பில் தாவரவியல் பாடத்தில் 'போச்கா' என்றால் மொட்டு என்று எழுதி வைத்திருந்தேன். பிறகு உடற்கூறியல் நூலைப் புரட்டியபோது சிறுநீரகத்துக்கும் அதே சொல் நின்றது. அச்சுப் பிழையா என்று கேட்டேன். இரண்டும் ஒரே சொல்தான் என்று விளக்கிய அவர், என் அம்மா என்ன வேலை செய்கிறார் என்று அறிந்ததும், இரண்டு இலையையும் ஒரு மொட்டையும் எப்படிக் கிள்ளுவார்கள் என்பதை ரஷ்ய மொழியிலேயே வகுப்புக்கு விவரிக்கச் செய்தார். என் வாழ்க்கையைப் பற்றி அந்த மொழியில் நான் முழுதாகப் பேசிய முதல் பத்து நிமிடங்கள் அவை.

என் கல்லூரி, 1814-ல் கசான் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய மருத்துவத் துறையின் வழிவந்தது. 1930-ல் தனி நிறுவனமாயிற்று. நரம்பியல் வரலாற்றில் பெரும் பெயரான பெக்தெரெவ் 1885-ல் பேராசிரியராக வந்து பணியாற்றிய ஊர் அது. இந்தப் பெருமைகளை நான் அறிந்தது பின்னால்தான். முதலாண்டில் எனக்குத் தெரிந்ததெல்லாம் பயம் ஒன்றே. அங்கே பெரும்பாலான தேர்வுகள் வாய்மொழித் தேர்வுகள். 'பிலேத்' என்னும் சீட்டு ஒன்றை உருவி, அதிலுள்ள கேள்விகளுக்குச் சற்று நேரம் ஆயத்தமாகி, பேராசிரியர் முன் அமர்ந்து விடை சொல்ல வேண்டும். உடற்கூறியல் தேர்வில் எனக்கு வாய் அடைத்துவிட்டது. அந்தப் பேராசிரியர் சீட்டை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, "முதலில் லத்தீனில் பெயரைச் சொல்லிக்கொண்டே தொட்டுக் காட்டுங்கள், ரஷ்யச் சொற்கள் தாமே வரும்" என்றார். வந்தன. ஐந்துக்கு நான்கு கொடுத்தார். நான்காவது மதிப்பெண் பொறுமைக்காக அவருக்கே உரியது என்று இன்றும் நினைக்கிறேன்.

பாடக்குறிப்புகளை ஆறாண்டும் எனக்கு வாசித்துக் காட்டிய, கசான் பகுதியில் வாழும் தாத்தார் இனத்தைச் சேர்ந்த தோழியை எப்படி மறப்பேன்? ரஷ்யக் கையெழுத்தில் பல எழுத்துகள் ஒரே மாதிரியான அலைக்கோடுகளாகத்தான் கண்ணுக்குத் தெரியும். மருத்துவர்கள் எழுதிய நோய்க் குறிப்பேடுகளில் ஒரு வரியைப் பிரித்தறிய எனக்குக் கால் மணி நேரம் பிடித்த நாட்களில், அவள் விடுதிக்கு வந்து எழுத்துக்கு எழுத்து பழக்கிவிட்டாள்.

மூன்றாம் ஆண்டில் நோயாளிகளிடம் குறை கேட்டு எழுதக் கற்றுக்கொண்டோம். உங்களை வருத்துவது எது என்று கேட்கும் வாசகத்தை மனப்பாடம் செய்திருந்தேன். வரப்போகும் விடைக்குத்தான் நான் ஆயத்தமாக இல்லை. வெட்டுவது போன்ற வலிக்கு 'ரேஜெத்', குத்துவதற்கு 'கோலெத்', அழுத்துவதற்கு 'தாவித்', மந்தமாக உளைவதற்கு 'நோயெத்' என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வினைச்சொல் இருக்கிறது. இவற்றுள் எது என்பதைப் பொறுத்தே மருத்துவர் நினைக்கும் நோய் மாறுகிறது. எனக்குக் கிடைத்த முதல் நோயாளி, கிராமத்திலிருந்து வந்திருந்த தாத்தார் மூதாட்டி. அவர்கள் மொழியில் பாட்டியை 'அபி' என்பார்கள். அவர் தம் நெஞ்சின் நடுவே கைவிரல்களை மடக்கி முட்டியாக வைத்து அழுத்திக் காட்டினார். இதயத் தசைக்கு இரத்தம் குறையும்போது எந்த நாட்டு நோயாளியும் செய்யக்கூடிய சைகை அது என்று பாடத்தில் படித்திருந்தேன். ஆனால் அதற்கான சொல் என் நாவில் வரவில்லை. நான் தவிப்பதைப் பார்த்த அவர், தாமும் வளர்ந்த பிறகே ரஷ்ய மொழி கற்றவர் என்றும், தம் கிராமத்தில் தாத்தார் மட்டுமே பேசுவார்கள் என்றும் சொல்லி, என் கையை இழுத்துத் தம் முட்டியின்மேல் வைத்து, "தாவித், மகளே, தாவித்" என்று மெதுவாக மூன்று முறை சொன்னார். மறுநாளும் அதற்கு மறுநாளும் நான் சென்றபோதெல்லாம் என் வேற்றுமை ஈறுகளைத் திருத்தினார். மூச்சுத் திணறலோடு படுத்திருந்த ஒருவர் எனக்காகச் செலவிட்ட அந்த மூச்சுகளுக்கு நான் எந்த மொழியில் நன்றி சொல்வேன்?

ஊர் திரும்பிய பின் மீண்டும் மொழிதான் குறுக்கே நின்றது. எஃப்.எம்.ஜி.இ. தேர்வு ஆங்கிலத்தில் நடப்பது. 300 கேள்விகளுக்கு 150 சரியாக இருக்க வேண்டும். ரஷ்ய மொழியில் 'அங்கினா' என்றால் தொண்டைச் சதை அழற்சி; ஆங்கிலத்தில் அதே சொல் இதய வலியைக் குறிக்கும். 'இன்சுல்த்' என்றால் அவர்களுக்குப் பக்கவாதம். பெக்தெரெவ் நோய் என்று நான் படித்தது இங்கே ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்னும் முதுகெலும்பு இறுகும் நோய். முதல் முறை 141 மதிப்பெண்ணோடு நின்றுவிட்டேன். தேனியில் மருத்துவம் படித்த எங்கள் ஊர் அக்கா, பணி முடிந்து வந்த களைப்போடு, ஏழு மாதம் இரவு ஒன்பது மணிக்குத் தொலைபேசியில் அழைத்து, நான் ரஷ்ய மொழியில் அறிந்திருந்த ஒவ்வொரு நோயையும் ஆங்கிலத்தில் திரும்பச் சொல்ல வைத்தார். தேர்ச்சிச் செய்தியை அம்மாவுக்கு முன்பே அவருக்குத்தான் சொன்னேன்.

உள்ளுறைப் பயிற்சியின்போது என்னுடன் பணியாற்றிய நர்ஸ் சேச்சிகள் மலையாள வலிகளைக் கற்றுத் தந்தார்கள். கடச்சில், புகச்சில், தரிப்பு, நீர்க்கெட்டு என்று அவர்கள் சொல்லச் சொல்ல, எங்கள் குடைச்சல், எரிச்சல், மதமதப்பு, வீக்கம் ஆகியவற்றின் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். தமிழ், ஆங்கிலம், ரஷ்யன், லத்தீன் என்று கசானில் நான்கு பத்தியோடு தொடங்கிய அந்த நோட்டுப் புத்தகத்தில் இப்போது ஐந்து பத்திகள் உள்ளன. எஸ்டேட்டுகளில் வேலைக்கு வந்துள்ள ஜார்க்கண்ட் தொழிலாளர்களுக்காக ஆறாவது பத்திக்குக் கோடு போட்டிருக்கிறேன். அவர்களில் ஒரு பெண்ணே எனக்குச் சொற்களைச் சொல்லித் தருகிறார். நோட்டின் நகல் எங்கள் மருத்துவமனையில் இருக்கிறது. வேண்டுவோர் கேட்டுப் பெறலாம்.

வெளிநாடு செல்ல வழி கேட்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். 2021 நவம்பர் 18 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, வெளிநாட்டில் படித்து இந்தியாவில் மருத்துவராக வேண்டுமானால் ஆங்கில வழியில் குறைந்தது 54 மாதங்கள் படித்திருப்பதும், அதே நிறுவனத்தில் 12 மாத உள்ளுறைப் பயிற்சி முடித்திருப்பதும் கட்டாயம். நான் சென்ற வழி இன்று உங்களுக்கு இல்லை. ஆயினும் வகுப்பு எந்த மொழியில் நடந்தாலும் நோயாளி தம் மொழியில்தான் வலியைச் சொல்வார். அந்த மொழியைப் படிக்க முதல் நாளிலேயே தொடங்கிவிடுங்கள். முகவர் சொல்வதை எழுத்தில் வாங்குங்கள்.

இம்மடலை ரஷ்ய மொழியில், தோழி பழக்கிய கையெழுத்திலேயே எழுதி அவளுக்கு அனுப்பியிருக்கிறேன். அந்த அபியின் கிராமத்துப் பக்கம் செல்ல நேர்ந்தால் அவர் இருக்கிறாரா என்று விசாரித்து, இருந்தால் தாத்தார் மொழியில் வாசித்துக் காட்டும்படி கேட்டிருக்கிறேன்.

நன்றியுடன்,
தேயிலைத் தொழிலாளி ஒருவரின் மகள்,
வண்டிப்பெரியார்