ஞாபக சக்திக்கு மாத்திரை கேட்டு வந்தால்…

கேரளத்தின் பாலக்காட்டு எல்லையோரம் உள்ள கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் வட்டார மருந்துக்கடைக்காரர்களுக்கு வணக்கம்.

"அப்பாவுக்கு மறதி ஜாஸ்தியாயிருச்சுங்க, நல்ல சத்து மாத்திரையா ஒண்ணு குடுங்க." இதைக் கேட்கும் முதல் ஆள் பெரும்பாலும் டாக்டர் இல்லை, நீங்கள்தான். அதனால் இந்த மடல் உங்களுக்கு.

மறதி நோயைத் தடுக்கும் என்று உறுதியான விட்டமின் எதுவும் இன்றுவரை இல்லை. பி, ஈ விட்டமின்களையும் பலசத்துக் கலவைகளையும் இதற்காகப் பரிந்துரைக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இலேயே சொல்லிவிட்டது. அதன்பின் வந்த அமெரிக்காவின் காஸ்மோஸ் ஆய்வில், தினமும் மல்டிவிட்டமின் சாப்பிட்ட முதியவர்களுக்கு நினைவுச் சோதனையில் மதிப்பெண் சற்றுக் கூடியது. மதிப்பெண் கூடியது வேறு, நோய் வராமல் நின்றது வேறு.

பி12 மட்டும் தனிக்கதை. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் 'கேஸ் மாத்திரை' என்று பேன்டோபிரசோலும் வருடக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு அது குறையலாம். சுத்த சைவக்காரர்களுக்கும் குறையலாம். குறைந்தால் மறதி, கால் மரமரப்பு, நடையில் தள்ளாட்டம். இந்த மறதியை, காலம் தாழ்த்தாவிட்டால், பெரும்பாலும் திருப்பலாம். ஆனால் மாத்திரைக்கு முன்னால் ரத்தப் பரிசோதனை. மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே என்றால் குறைவு. 200 முதல் 300 வரை சந்தேகம். பத்து நாள் மாத்திரை போட்டுவிட்டுச் சோதித்தால் எண் ஏறியிருக்கும், குறை ஒளிந்துகொள்ளும். ஃபோலிக் ஆசிட் 5 மில்லிகிராமை மட்டும் தருவது இன்னும் மோசம்: ரத்தசோகை சரியானதுபோல் தெரியும், உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே போகும்.

எங்களை அதிகம் கவலைப்படுத்துவது விட்டமின் டி. 60,000 யூனிட் கேப்சூல் வழக்கமாக வாரம் ஒன்று, எட்டு வாரம்தான். உறையில் நீங்கள் மலையாளத்தில் 'ஆழ்ச்சயில் ஒந்நு' (வாரம் ஒன்று) என்று எழுதித் தருகிறீர்கள்; வாங்கிப் போகும் பாட்டிக்குத் தமிழ் எழுத்துதான் தெரியும். தினமும் ஒன்று போடுகிறார். இந்தப் பக்கம் சித்தூரில் ஒரு டாக்டர், எல்லைக்கு அந்தப் பக்கம் பொள்ளாச்சியில் இன்னொரு டாக்டர் என்று காட்டுபவருக்கு, வேறு வேறு கம்பெனிப் பெயரில் அதே மருந்து இரண்டு சீட்டிலும் இருக்கும். கால்சியம் மாத்திரையிலும் கொஞ்சம் டி சேர்ந்திருக்கும். டி மிஞ்சிப்போய் ரத்தத்தில் கால்சியம் எகிறினால் தாகம், மலச்சிக்கல், வாந்தி, கடைசியில் குழம்பிய பேச்சு. 'மறதி முத்திருச்சு' என்று வீட்டில் நினைப்பார்கள். அதற்குள் கிட்னி அடிவாங்கும். உறைமேல் தமிழில் 'ஞாயிறு மட்டும்' என்று கொட்டை எழுத்தில் எழுதுங்கள். நான்கு வாரத்துக்கு நான்கு கேப்சூலுக்கு மேல் தராதீர்கள். இரண்டு சீட்டையும் வாங்கி, பிராண்டை விட்டுவிட்டு மருந்தின் பெயரைப் பார்த்து ஒப்பிடுங்கள்.

நரம்பு மாத்திரைகளில் பி6 அளவையும் பாருங்கள். தினம் 100 மில்லிகிராம், மாதக்கணக்கில் என்று போனால் அதுவே காலை மரக்கச் செய்யலாம். மரப்புக்கென்றே அதை வாங்குகிறார்கள் என்பதுதான் வேடிக்கை.

இரண்டு மூன்று நாளில் திடீரென்று வந்த குழப்பத்துக்கு எதையும் விற்காதீர்கள். கிருமித் தொற்றாக இருக்கலாம், சோடியம் இறங்கியிருக்கலாம். கள்ளோ சாராயமோ பல வருடம் குடித்தவர், சரியாகச் சாப்பிடாதவர், கண் அலைபாய்கிறது, நடை தடுமாறுகிறது என்றால் பி1, அதாவது தயமின், வற்றியிருக்கலாம். அவருக்கு மாத்திரை போதாது. ஊசியாகத்தான் ஏற்ற வேண்டும், அன்றைக்கே. வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது 'குடிப்பழக்கம் உண்டு, குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் போடச் சொல்லுங்கள்' என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கையில் கொடுங்கள்.

இப்படிக்கு,
எல்லையோர முதியோர் மருத்துவப் பணியாளர்கள் சிலர்