குஞ்சு கொடுக்கும் துறைக்கு: குடாப்பும் சேர்த்துக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய கால்நடை பராமரிப்புத் துறை அதிகாரிகளுக்கு வணக்கம். நீங்கள் தரும் கோழிக்குஞ்சோடு, இரவில் கோழியை அடைக்கும் கூண்டான குடாப்பும் கொடுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

தாராபுரம் பக்கம் மானாவாரிக் காட்டில் குடியிருக்கிறேன். மேச்சேரி ஆடு 8, நாட்டுக்கோழி 20-க்கு மேல். போன மார்கழியில் மூன்றே இரவுகளில் 7 கோழிகள் போய்விட்டன. முதல் நாள் காலையில் புளியமரத்தடியில் கொஞ்சம் இறகு கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நடந்தால் கிளுவை வேலிக்கு அடியில் மண் பறித்த பள்ளம், முள்ளில் சிக்கிய பழுப்பு மயிர். நாய் என்றால் நாலைந்தைக் குதறிக் களத்திலேயே போட்டுவிட்டுப் போயிருக்கும். கீரி என்றால் கழுத்தில் கடிவாய் தெரியும். கோழியை முழுசாகத் தூக்கிக்கொண்டு போய், மறுநாளும் அதே வழியில் வருவது நரிதான். மூன்றாம் இரவில் அடையிலிருந்த பெட்டையும் போனது. அதற்கு வைத்திருந்த 12 முட்டைகளில் நாலு உடைந்தும் மீதி சில்லிட்டும் கிடந்தன. அதைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை.

பக்கத்துத் தோட்டத்துத் தம்பி கேள்விப்பட்டு வந்தார். "கோழிக் கொடலுக்குள்ள ஒரு அவுட்டுக்காய் வெச்சுட்டாப் போதுங்கக்கா, அதோட முடிஞ்சுது" என்றார், கடித்தால் வெடிக்கும் நாட்டுவெடியைத்தான் சொன்னார். இன்னொருவர் குருணைப் பூச்சிமருந்து தடவச் சொன்னார். கிளட்ச் வயரில் சுருக்குப் போடலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. ஆத்திரத்தில் சொன்னவர்கள்தான், கெட்டவர்கள் இல்லை. ஆனால் வெடி வாயைக் கிழிக்கும்போது நரியின் வாயா, ஆடு மேய்க்கப் போகும் பிள்ளையின் கையா என்று பார்க்காது. விஷம் வைத்த கறியைக் காகமும் தின்னும், வீட்டு நாயும் தின்னும். கம்பியில் நேரடி மின்சாரம் பாய்ச்சுவதால் வரும் கேட்டையும் பார்த்துவிட்டோம். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படிப்பட்ட வேலியில் 3 யானைகள் மாண்டன.

நரி நமக்கு எதிரி மட்டும் இல்லை. நெல்வயலிலும் நிலக்கடலைக் காட்டிலும் எலியைப் பிடித்துக் கட்டுப்படுத்துவதில் அதற்குப் பங்குண்டு. செத்ததைத் தின்று காட்டைச் சுத்தமாக வைக்கிறது, இலந்தைப்பழம் கூடத் தின்னும். வால் நுனி கறுத்த சின்னக் குள்ளநரியோ கறையானும் வெட்டுக்கிளியும் எலியும் தின்று பிழைப்பது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இரண்டுக்குமே பாதுகாப்பு உண்டு. சட்டத்துக்குப் பயந்து மட்டும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரவில் மேய்ச்சல் நிலமான கொரங்காட்டுப் பக்கம் அது ஊளையிடும் சத்தம் கேட்டே வளர்ந்தவள் நான். அந்தச் சத்தம் இல்லாத ஊர் எனக்கு வேண்டாம்.

அப்படியானால் கோழியை எப்படிக் காப்பது? எங்கள் அப்பத்தாவிடம் இதற்கு விடை இருந்தது. திண்ணைக்கு அடியில் கல் வைத்துக் கட்டிய குடாப்பு, அதன் வாய்க்கு ஒரு பலகைக்கல். பொழுது சாயும்போது தவிட்டைத் தூவி எல்லாவற்றையும் உள்ளே அடைத்துவிடுவார். குஞ்சோடு இருக்கும் தாய்க்குத் தனியாகப் பஞ்சாரம் என்ற கவிழ்த்து மூடும் கூடை, அதன் மேல் ஒரு கல். நாங்கள் ஓட்டு வீட்டை இடித்து டெரஸ் வீடு கட்டியபோது திண்ணை போனது, திண்ணையோடு குடாப்பும் போனது. எங்கள் ஊரில் புது வீடு கட்டிய எல்லா வீடுகளிலும் இதுதான் நடந்தது. திடமான கோழி மரமேறி அடைந்துகொள்ளும். அடைக்கோழியும் குஞ்சும் நொண்டியும் தரையில்தான் கிடக்கும்.

நீங்கள் தரும் குஞ்சுகளின் நிலை இன்னும் மோசம். தாயோடு வளர்ந்த குஞ்சு, தாய் ஒரு குரல் கொடுத்தால் புதருக்குள் ஒளியும். இன்குபேட்டரில் பொரித்து வந்ததற்கு அதைச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை, மரமேறவும் தெரியாது. 250 குஞ்சுகளோடு பண்ணை வைப்பவர்களுக்கு 50 சதவீத மானியம் தருகிறீர்கள், நல்லது. 20 கோழி வைத்து முட்டை விற்றுப் பிள்ளைக்கு நோட்டு வாங்கும் பெண்களுக்குக் குஞ்சோடு ஒரு குடாப்பும் கொடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

பெரிய செலவு இல்லை. எங்கள் ஊர் வெல்டிங் பட்டறையில் 6,500 ரூபாய்க்கு ஒன்று செய்தேன். நாலடிக்கு மூன்றடி, அடியில் கடப்பாக்கல். பக்கங்களுக்கு அறுகோணக் கண் உள்ள சாதாரணக் கோழிவலை வேண்டாம், நாயும் நரியும் அதைப் பிய்த்துவிடும். அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் போட்டால் கீரியும் நுழையாது. வலையின் கீழ்ப்பகுதியைச் சுற்றிலும் ஓரடிக்கு வெளிப்பக்கமாக மடித்து மண் மூட வேண்டும், இதுதான் முக்கியம். நரி சுவரை ஒட்டித்தான் பறிக்கும், பறித்த இடத்தில் கம்பி தட்டினால் விட்டுவிடும். கதவுக்கு இழுத்துப் பூட்டும் கொண்டி. முட்டித் திறக்கும் கொக்கி போதாது.

இழப்பீடும் தேவைதான். தெருநாய் கடித்து இறந்தால் ஆட்டுக்கு 6,000 ரூபாய், கோழிக்கு 200 ரூபாய் என்று அரசு 2025-இல் அறிவித்தது. நரி தூக்கியதற்கும் அதே கணக்கைப் பார்க்கலாம். ஆனால் போன பிறகு வரும் பணத்தைவிட, போகாமல் காக்கும் கம்பிவலைதான் எங்களுக்குப் பெரிது.

குடாப்பு செய்த பிறகு ஒரு கோழியும் போகவில்லை. நரியும் இங்கேதான் இருக்கிறது. அடுத்த பயனாளிப் பட்டியல் எழுதும் முன் உங்களில் ஒருவராவது எங்கள் காட்டுக்கு வாருங்கள். ஆறு மணிக்கு முன்னால் வந்தால் கோழி அடைவதைப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
மானாவாரிக் காட்டில் கோழி வளர்க்கும் ஒரு பெண்