மாதம் ஒரு நிஜக் கடிதம்

ஐயா,

வேலைக்கு விண்ணப்பம் எழுதித் தரக் கேட்டு என்னிடம் வரும் பிள்ளைகள் அதிகம். ‘டியர் சார்’ என்று தொடங்கினால் ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’, பெயர் சொல்லி விளித்தால் ‘யுவர்ஸ் சின்சியர்லி’ என்று கடிதத்தை முடிக்கும் பிரிட்டிஷ் மரபை ஒரு முறை சொன்னாலே பிடித்துக்கொள்கிறார்கள். பலர் அந்த ‘யுவர்ஸ்’ஸில் ‘எஸ்’ஸுக்கு முன் அபாஸ்ட்ரஃபி என்ற மேற்குறி போடுவார்கள், அது பிழை, எளிதில் திருத்திவிடலாம். ஆனால், காய்ச்சலுக்கு விடுப்பு கேட்கும் வாக்கியத்தைப் பள்ளியில் மனப்பாடம் செய்தவர்களுக்கு, பட்டம் வாங்கிய பிறகும் சொந்தமாக நாலு வரி வரவில்லையே! எனக்கு அதுதான் வேதனை. தேர்வுக்காக மட்டும் எழுதினால் எப்படி வரும்? நூலகத்துக்கோ மின்வாரியத்துக்கோ நாளிதழுக்கோ, மாதம் ஒரு நிஜக் கடிதத்தை மாணவர்களே எழுதி, தபால்தலை ஒட்டி அனுப்பப் பள்ளிகள் வழிசெய்ய வேண்டும்.

- ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், மன்னார்குடி